மீட்டருக்கு மூளை வந்தாச்சு!

ரெண்டு மாசத்துக்கு ஒரு தரம் வாசலில் ஒரு குரல் கேட்கும். “ஈ.பி. ரீடிங்!” மாடிப்படிக்குக் கீழே, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே மாட்டியிருக்கும் மீட்டரை எட்டிப் பார்த்து நம்பரைக் குறித்துக்கொண்டு அவர் போய்விடுவார். அதற்கப்புறம்தான் குடும்பத் தலைவருக்கு நெஞ்சு படபடக்கும்.

அந்தக் குரலுக்கு ரிட்டயர்மென்ட் கொடுக்க வருகிறது ஸ்மார்ட் மீட்டர்.

அப்படி என்ன பெரிய ஸ்மார்ட்? பழைய மீட்டருக்குள் ஒரு அலுமினியத் தட்டு சுற்றும். அப்புறம் வந்த டிஜிட்டல் மீட்டரில் சின்ன சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். ரெண்டும் கணக்குப் புலிகள். ஆனால் வாய் கிடையாது. ஸ்மார்ட் மீட்டருக்கு வாய் உண்டு சார்! உள்ளே செல்போன் மாதிரி சிம் இருக்கும். அல்லது பக்கத்து மீட்டரிடம் ரேடியோ அலையில் சொல்லி, அது அடுத்த மீட்டரிடம் சொல்லி, குழாயடி வம்பு மாதிரி சேதி மின் நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தரம் எத்தனை யூனிட் ஓடியது என்பது அங்கே பதிவாகிவிடும். கரண்ட் போனால் ‘நான் அவுட்’ என்று கடைசி மூச்சில் தகவல் அனுப்பும் மாடல்களும் இருக்கின்றன.

மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த மின் விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின் மதிப்பு 3,03,758 கோடி ரூபாய். நாடு முழுக்க 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் மாட்டுவது அதில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் முதல் ஒத்திகை சென்னை தி.நகரில் நடந்தது. மற்ற இடங்களுக்கான டெண்டர், கேட்ட விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்தானது.

எதுக்கு சார் இவ்வளவு செலவு?

மின்சாரம் என்பது தராசு. ஒரு தட்டில் உற்பத்தி, இன்னொன்றில் உபயோகம். ரெண்டும் சமமாக இருந்தால்தான் நம் நாட்டு கிரிட் 50 ஹெர்ட்ஸில் ஒழுங்காக ஓடும். 2012 ஜூலை 31-ல் தராசு கவிழ்ந்தது. வடக்கு, கிழக்கு, வடகிழக்கு கிரிட்டுகள் படுத்துவிட்டன. சுமார் 60 கோடிப் பேர் வாழும் பகுதி இருட்டானது. நாம் தப்பித்தோம். காரணம் புண்ணியம் அல்ல. தெற்கு கிரிட் அப்போது மற்றவற்றோடு முழுசாக இணையவில்லை. 2013 டிசம்பர் 31-ல் ரெய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாகத்தான் இணைந்தது.

இப்போது கஷ்டம் இன்னும் கூடுதல். ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் சுழன்று கொட்டும். காற்று நின்றால் அதுவும் நிற்கும். சோலார் மத்தியானம் வாரி வழங்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு அட்டெண்டன்ஸ் போடாமல் கிளம்பிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் நாம் வீடு திரும்பி ஏ.சி. போடுவோம்! எந்தத் தெருவில், எந்த நேரத்தில் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று தெரியாமல் தராசை எப்படிப் பிடிப்பது? எங்கே திருட்டு, எங்கே கசிவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் இந்த மூளை.

நமக்கு என்ன லாபம்?

2022 செப்டம்பர் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் என்றால் பில் 1,725 ரூபாய். 510 யூனிட் என்றால் 2,030. பத்தே பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 500-ஐத் தாண்டினால் ஒரு மானியம் கழன்றுவிடுவதால் வந்த வினை. ரீடிங் எடுக்க வருபவர் ரெண்டு நாள் தாமதமானால் நீங்கள் கோட்டுக்கு அந்தப்பக்கம். நீங்க ஃபேனை ஆஃப் பண்ணிப் பண்ணி மிச்சம் பிடித்ததெல்லாம் காலி. ஸ்மார்ட் மீட்டருக்கு லீவு கிடையாது. குறித்த தேதியில் குறித்துவிடும். ‘வீடு பூட்டியிருந்தது’ என்ற பேச்சுக்கும் இடமில்லை. ஐம்பதாவது நாளே எத்தனை யூனிட் என்று செல்போனில் பார்த்து உஷாராகலாம்.

சரி, வில்லங்கம்?

முன்பெல்லாம் பணம் கட்டாவிட்டால் ஆள் வந்து ஃபியூஸைப் பிடுங்க வேண்டும். கையைக் காலைப் பிடித்து ஒரு நாள் தவணை வாங்கலாம். இதில் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கட்டளை போதும். அந்தக் கட்டளையே தப்பாகப் போனால்? போனது! 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி அன்று உத்தரப்பிரதேசத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர் வீடுகளில் கரண்ட் கட். பில் கட்டியவர், கட்டாதவர் எல்லோரும் சமம். கண்ணன் இருட்டில் பிறந்தான் என்பதற்காக இப்படியா? கொஞ்ச காலம் புது மீட்டர் மாட்டுவதையே அங்கே நிறுத்திவைத்தார்கள். 2024 மே மாதம் குஜராத்தின் வடோதராவில் ‘ப்ரீபெய்ட் மீட்டர் பணத்தை விழுங்குது’ என்று ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள்.

இன்னொன்று ஆபீஸ்காரர்கள் கவனிக்க வேண்டியது. 2023 ஜூனில் திருத்திய மத்திய விதிப்படி, வெயில் நேரக் கரண்டு 20 சதவிகிதமாவது மலிவு. உச்ச நேரக் கரண்டு வீடுகளுக்கு 10 சதவிகிதமாவது கூடுதல். மாநில ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டால்தான் அமலுக்கு வரும். வந்தால்? மலிவு விலை நேரத்தில் நாம் ஆபீஸில் ஃபைல் புரட்டிக்கொண்டிருப்போம். காஸ்ட்லி நேரத்தில் வீட்டில் மாவு அரைப்போம். வாஷிங் மெஷினுக்கு டைமர் வைக்கலாம். மனுஷனுக்கு வைக்க முடியுமா?

மேன்ஷன், போர்ஷன் வாசிகளுக்கு ஒரு வார்த்தை. வாசலில் எவ்வளவு ஸ்மார்ட்டான மீட்டர் வந்தாலும், உள்ளே ஹவுஸ் ஓனர் மாட்டிய சப்-மீட்டருக்கு அது பொருந்தாது. அங்கே யூனிட் ரேட் அவர் வாயில்தான்!

அதனால் மூன்று விஷயம். மீட்டர் மாற்றும்போது பழையதன் கடைசி ரீடிங், புதியதன் முதல் ரீடிங் ரெண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். பதிவு செய்த செல் நம்பர் உங்களுடையதுதானா என்று பாருங்கள். எச்சரிக்கை வீட்டுக்காரருக்குப் போய், இருட்டு உங்களுக்கு வரக்கூடாது. மூன்றாவது முக்கியம்: ரீடிங்கில் சந்தேகம் இருந்தால் புகார் கொடுங்கள். 2024-ல் திருத்திய விதிப்படி, ஐந்து நாளுக்குள் கூடுதலாக ஒரு சோதனை மீட்டர் மாட்டி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

மீட்டர் பேசக் கத்துக்கிட்டது. நாமும் கேள்வி கேட்கக் கத்துக்கிட்டால்தான் கணக்கு டேலியாகும்!