பொன் காக்கும் பாம்பும் கீரியும்

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய குழிகளில் இப்போது தண்ணீர் நிற்கிறது. பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவான சயனைடு மேடுகளைத் தாண்டினால் பாறையும் முட்புதரும் வீட்டுக் கொல்லைகளும். சாம்பல் கீரிக்குப் பிடித்தமான நிலம் இதுதான். பொன்னையும் கீரியையும் சேர்த்தே நினைக்கும் பழைய நம்பிக்கையும் நம்மிடம் உண்டு. அது வெறும் கற்பனையில் முளைத்ததல்ல, கீரியின் பிழைப்பைப் பார்த்துப் பிறந்தது என்பேன்.

ஐரோப்பாவின் வீசலும் கீரியைப் போலவே நீண்டு மெலிந்த உடல் கொண்டது. ஆனால் அது நாய், கரடி வகையறா. கீரியோ பூனைக்கும் கழுதைப்புலிக்கும் கிட்டிய உறவு. வளைக்குள் புகுந்து எலி பிடிக்கும் பிழைப்புதான் இரண்டையும் ஒரே வார்ப்பாக்கியது. மனிதரிடம் எடுத்த பெயர் மட்டும் வேறு வேறாகப் போயிற்று. கிரேக்கர்கள் வீசலை மாயத்தெய்வமான ஹெக்காட்டியின் பணியாளாக்கினார்கள். அவர்களில் ஒருவரான தியோப்ராஸ்டஸ் சித்திரிக்கும் மூடநம்பிக்கைக்காரன், அது குறுக்கே ஓடினால் மூன்று கல் எறியாமல் நகரமாட்டான். நமக்கோ கீரியைக் கண்டால் நல்ல சகுனம். காரணம் பாம்பு. ரோமானியரான பிளினியும் வீசலைப் பாம்போடு மோதவிட்டார், ஆனால் அது பாசிலிஸ்க் என்னும் கற்பனைப் பாம்பு. இங்கே நல்லபாம்பு வாசற்படியிலேயே கிடந்தது. கடிபட்ட கீரி கீரிப்பூண்டைத் தின்று பிழைக்கும் என்பார்கள். மருந்து செடியில் இல்லை, அதன் தசையில் இருக்கிறது. பாம்பு நஞ்சு போய் ஒட்டவேண்டிய ஏற்பியைச் சர்க்கரை மூலக்கூறுகள் மறைத்து நிற்பதால் நஞ்சுக்குப் பிடி கிடைப்பதில்லை. அதற்காகக் கீரி சாகாவரம் பெற்றதல்ல. நஞ்சு மிகுந்தால் சாகும். பெரும்பாலும் அதைக் காப்பது சிலிர்த்த மயிரும் வேகமும்தான்.

புதையலை நாகம் காக்கும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. அந்த நாகத்தை வெல்வது கீரி. மண்ணைத் தோண்டுவதும் வளைக்குள் நுழைவதும் அதுவே. ஆகவே பொன்னுக்கு வழி அதன் கையில். குபேரன் சிலைகளில் கீரி இருப்பதற்குக் காரணம் வேறு என்று வாதிடலாம்: வணிகர்களின் பணப்பை கீரித்தோலால் ஆனது, பையே பின்னாளில் உயிருள்ள பிராணியாயிற்று என்று. பைக்கு அது சரியான விளக்கம்தான். ஆனால் மகாபாரதத்தில் தருமரின் வேள்வியை எள்ளி நகையாடும் பாதி பொன்னுடல் கீரிக்குப் பையே கிடையாது. தோலுக்கு விலை இருந்தது என்பதை மட்டும் நான் மறுக்கவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் காவல் நின்றும், ஓவியத் தூரிகைக்கான மயிருக்காகக் கீரியை இன்றும் கொல்கிறார்கள்.