அறுக்கிறது அஞ்சு நிமிஷம்... அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம்! பெரிய மரங்களை மெஷின் வைத்து வெட்டும் முன் என்னவெல்லாம் பார்க்கணும்?

நெல்லைப் பக்கம் பெரிய மரத்துக்குப் பஞ்சம் இல்லை. பாபநாசத்தில் இருந்து தாமிரபரணிக் கரையோரமாக வந்தால் மருதமரங்கள். சாலையோரம் நெடுஞ்சாலைத்துறை நம்பர் போட்ட புளியமரங்கள். கிழக்கே போகப் போக பனை. இவற்றில் பல மரங்கள் இரண்டு மூன்று தலைமுறைக்கு மூத்தவை. புயலோ வெள்ளமோ வந்து போனபின், அல்லது சாலை அகலப்படுத்தும்போது, இவற்றில் ஒன்றை எடுத்தே ஆகவேண்டும் என்ற நிலை வருகிறது.

முன்பெல்லாம் கோடாரியும் இரண்டு பேர் இழுக்கும் ரம்பமுமாக ஒரு நாள் முழுக்க நடந்த வேலை இது. இப்போது பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் மெஷின் வந்துவிட்டது. அதாவது செயின்சா. ஒரு ஆள் தடிமன் இருக்கும் மரத்தைக்கூட சில நிமிடங்களில் அறுத்துவிடும். சிக்கலும் அதுதான். கோடாரியால் வெட்டும்போது மரம் எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே முறிகிறது என்று பார்க்க நேரம் கிடைத்தது. மெஷின் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. அதனால் யோசிக்க வேண்டியதை எல்லாம் மெஷினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே யோசித்து முடித்துவிட வேண்டும்.

முதல் கேள்வி: இந்த மரத்தை வெட்டலாமா?

பாதுகாப்பு என்றதும் ஹெல்மெட்டில் இருந்துதான் பலரும் ஆரம்பிப்பார்கள். உண்மையில் ஆரம்பிக்க வேண்டிய இடம் அனுமதி. அரசு நிலத்தில், சாலையோரத்தில், புறம்போக்கில் நிற்கும் மரம் என்றால், அது வீட்டு வாசலிலேயே நின்றாலும் வீட்டுக்காரர் கை வைக்க முடியாது. கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு 2021-க்குப் பிறகு இதற்காகவே இருக்கிறது. விண்ணப்பம் அங்கே போய், அதிகாரிகள் நேரில் பார்த்து, அதன்பிறகுதான் முடிவு.

சொந்தப் பட்டா நிலமாக இருந்தாலும் சந்தனம் போன்ற மரங்களுக்கு வனத்துறை வேண்டும். மலைப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். பனைமரம் நம் மாநில மரம். அதை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மரத்தில் கூடு இருக்கிறதா? காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் சேதப்படுத்துவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கும் திருப்புடைமருதூரில் ஆற்றங்கரை மருதமரங்களில் கூடு கட்டும் பறவைகளை ஊர்க்காரர்களே காப்பாற்றி வந்தார்கள். அந்த இடம் 2005-ல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இந்த வகையில் அறிவிக்கப்பட்ட முதல் இடம் அதுதான். மருதமரத்தை வெட்டுவது பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் போக முடியாது.

பல நேரங்களில் மொத்த மரத்தையும் எடுக்கத் தேவையே இருக்காது. ஆபத்தான நாலு கிளையைக் கழித்தால் போதும். இதை மரம் வெட்டுபவர் சொல்லமாட்டார், ஏனென்றால் அவருக்கு விறகில் பங்கு இருக்கிறது. கேட்க வேண்டியது வீட்டுக்காரர்தான்.

மரத்தைச் சுற்றி நடங்க, அண்ணாந்து பாருங்க

அனுமதி வந்தாச்சு. இனி மரத்தைப் படிக்க வேண்டும். ஒரு முழுச் சுற்று நடந்து, வேரில் இருந்து உச்சி வரை பார்க்க வேண்டும்.

மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. கிளைகளின் பாரம் எந்தப் பக்கம் அதிகம் என்பதும் முக்கியம். தண்டு நேராக நிற்கும், ஆனால் பெரிய கிளைகள் எல்லாம் வீட்டுக் கூரைப் பக்கமே இருக்கும். அப்படியென்றால் அந்த மரம் கூரைப் பக்கம் விழத்தான் பார்க்கும். காய்ந்த கிளைகள் தனி ஆபத்து. மெஷினின் அதிர்வுக்கே அவை மேலே இருந்து கழன்று விழும், கீழே குனிந்து அறுப்பவருக்கு அது தெரியாது.

சாலையோரப் புளியமரங்களில் கூடுதல் தலைவலி ஒன்று உண்டு. வயதான புளி வெளியே கம்பீரமாக நிற்கும், உள்ளே பொந்து விழுந்திருக்கும். கோடாரியின் பின்பக்கத்தால் தண்டை நாலு பக்கமும் தட்டிப் பார்த்தால் சத்தமே சொல்லிவிடும். டங்கென்று கெட்டியாகக் கேட்டால் பரவாயில்லை. டொம் என்று பானையைத் தட்டுவதுபோல் கேட்டால் உள்ளே காலி. அடியில் காளான் முளைத்திருப்பதும் மரத்தூள் கொட்டுவதும் அதே கதைதான். உள்ளே காலியான மரம், அறுப்பவர் நினைத்த பக்கம் விழும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஏன் என்பது கீழே வருகிறது.

அதே புளியமரத்தில் விளம்பரத் தட்டிக்கு அடித்த ஆணி, வேலிக்குச் சுற்றிய கம்பி எல்லாம் பட்டைக்குள் போய் மறைந்திருக்கும். சங்கிலி அதில் பட்டால் பொறி பறக்கும், சங்கிலியே அறுந்து தெறிக்கவும் கூடும். அறுக்கப்போகும் உயரத்தில் பட்டையைச் செதுக்கிப் பார்ப்பது நல்லது.

உச்சியில் கடந்தைக் குளவியோ மலைத்தேனீயோ இருந்தால் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு தீயணைப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும். பாதி அறுத்த மரத்தின் கீழே நின்றுகொண்டு குளவியிடம் மாட்டினால் ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது.

ஆற்றங்கரை மரத்துக்கு வேரையும் பார்க்கணும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதையும், தாமிரபரணி கரை தாண்டியதையும் யாரும் மறந்திருக்க முடியாது. இப்படி ஒரு வெள்ளம் போனபின் கரை மண் அரித்து, வேர் அந்தரத்தில் தொங்க நிற்கும் மரத்தை மற்ற மரம்போல் நினைக்கக்கூடாது. அறுத்து முடிக்கும் முன்பே வேரோடு சாயலாம். அதன் அடியில் நிற்பதற்குப் பதில், தூரத்தில் இருந்து வடம் கட்டி மெஷினால் இழுக்க முடியுமா என்று யோசிப்பதே சரி.

மரம் எவ்வளவு உயரம்? ஒரு குச்சி போதும்

மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேலை செய்பவரைத் தவிர யாரும் இருக்கக்கூடாது. உலகம் முழுக்க மரம் வெட்டும் பயிற்சியில் சொல்லித்தரும் அடிப்படை இது. 20 மீட்டர் மரம் என்றால் சுற்றிலும் 40 மீட்டர்.

உயரத்தைக் கண்டுபிடிக்க ஏணி வேண்டாம். கையை நேராக நீட்டி ஒரு குச்சியை நட்டுக்குத்தலாகப் பிடிக்க வேண்டும். கைக்கு மேலே தெரியும் குச்சியின் நீளம், கண்ணுக்கும் கைக்கும் உள்ள தூரம் அளவுக்கு இருக்கணும். பிறகு பின்னாலேயே நடந்து போய், குச்சியின் அடி மரத்தின் அடியோடும் நுனி மரத்தின் உச்சியோடும் பொருந்தும் இடத்தில் நிற்க வேண்டும். அங்கிருந்து மரம் வரை உள்ள தூரம்தான் மரத்தின் உயரம், ஏறத்தாழ.

இப்போ ஒரு நியாயமான கேள்வி வரும். டவுன் ரதவீதியிலோ மேலப்பாளையத்துச் சந்திலோ 40 மீட்டருக்கு எங்கே போவது? இல்லைதான். இடம் இல்லையென்றால் மரத்தை அடியோடு சாய்க்கும் பேச்சே கிடையாது. மேலிருந்து துண்டு துண்டாக, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும், அல்லது கிரேன் வேண்டும். செலவு கூடும். 'அதெல்லாம் வேண்டாம் சார், அப்படியே சாய்ச்சிடலாம்' என்று குறைந்த ரேட் சொல்பவரிடம் வேலையைக் கொடுப்பதில்தான் பல விபத்துகள் தொடங்குகின்றன.

அறுப்பவருக்கும் ஓட வழி வேண்டும். மரம் விழும் திசைக்கு நேர் பின்னால் ஓடக்கூடாது. விழும்போது அடித்தண்டு பின்னோக்கி உதைத்து வரலாம். பின்பக்கமாகச் சாய்வாக, இடமும் வலமும் இரண்டு வழிகளை முன்கூட்டியே செடி கொடி, கல் இல்லாமல் சுத்தம் செய்து வைக்க வேண்டும்.

மரம் சொன்ன பக்கம் விழுவது எப்படி?

கதவு கீலில் திரும்புவதுபோலத்தான் மரமும் விழுகிறது. விழவேண்டிய பக்கத்தில் முதலில் வாய் திறந்த மாதிரி ஒரு ஆப்புத் துண்டை அறுத்து எடுக்கிறார்கள். அதன் ஆழம் தண்டின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கில் இருந்து நாலில் ஒரு பங்கு வரை. பிறகு எதிர்ப்பக்கத்தில் இருந்து, அந்த வாயின் அடிமட்டத்தைவிடக் கொஞ்சம் மேலே, கிடைமட்டமாக அறுத்து வருகிறார்கள். ஆனால் முழுசாக அறுத்துவிடக்கூடாது. நடுவில் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு பட்டை மரத்தை விட்டுவைக்க வேண்டும். ஒரு மீட்டர் தடிமன் என்றால் 10 செ.மீ. அதுதான் கீல். மரம் சாயும்போது அதைப் பிடித்து, திசை மாறாமல் கொண்டுபோய் இறக்குவது அந்தப் பட்டைதான்.

உள்ளே பொந்தாக இருந்தால் கீலுக்கு மரமே இருக்காது. புளியமரத்தைத் தட்டிப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். அவசரத்தில் கீலையும் சேர்த்து அறுத்துவிட்டாலும் இதே கதி. அப்புறம் மரம் எந்தப் பக்கம் போகும் என்பது மரத்தின் விருப்பம்.

விழும் பக்கமே அதிகமாகச் சாய்ந்திருக்கும் மரம் சுலபம் என்று தோன்றும். நேர் எதிர். பின்னால் இருந்து பாதி அறுக்கும்போதே பாரம் தாங்காமல் தண்டு நெடுக்காகப் பிளந்து, பின்பாதி மேலே எகிறி அறுப்பவரின் முகத்தில் அடிக்கும். இதற்கு வேறு வரிசையில் அறுக்கும் முறை இருக்கிறது. பின்னால் கொஞ்சம் மரத்தை விட்டுவிட்டு, பக்கவாட்டில் குத்தி உள்ளே அறுத்து, கடைசியில் அந்தப் பின்பகுதியை விடுவிப்பது. வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளும் சங்கதி அல்ல இது, பழகியவரிடம் விட்டுவிடுவது நல்லது.

பெரிய மருதமரங்களுக்கு இன்னொரு தடை, அடித்தண்டு பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு அகலமாக இருப்பது. மெஷினின் முன்னால் நீளும் தட்டைக் கம்பியை பார் என்கிறார்கள். பாரின் நீளத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தண்டு இருந்தால், இரண்டு பக்கம் இருந்து அறுத்தாலும் நடு எட்டாது. சின்ன மெஷினை வைத்துச் சமாளிக்கப் பார்ப்பது பாதியில் மாட்டிக்கொள்ளும் வேலை. அறுத்த இடைவெளியில் அவ்வப்போது ஆப்பு அடித்துக்கொண்டே போனால் மரம் பின்னால் அமர்ந்து பாரைக் கவ்வாது. ஆப்பு பிளாஸ்டிக்காகவோ மரத்தாலோ இருக்கட்டும், இரும்பில் சங்கிலி பட்டால் தெறிக்கும்.

கயிறு கட்டி இழுக்கும்போது நம்மூரில் வழக்கமாக நடப்பது என்ன? நாலைந்து பேர் மரத்துக்கு நேர் எதிரே நின்று 'ஏலே இழு' என்று இழுப்பார்கள். மரம் அவர்கள் மேல்தான் வருகிறது! கயிறு மரத்தின் உயரத்தைவிட நன்றாக நீளமாக இருக்க வேண்டும், ஒரு கப்பி வைத்துத் திசை திருப்பி, பக்கவாட்டில் நின்று இழுக்க வேண்டும்.

லுங்கியும் செருப்பும் போதாது

முழு வேகத்தில் சங்கிலி வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 72 கி.மீ. பாரின் நுனியின் மேல்பகுதி எதிலாவது இடித்தால் மொத்த மெஷினும் அறுப்பவரின் முகத்தை நோக்கித் துள்ளும். கிக்பேக் என்கிறார்கள். கண் சிமிட்டும் முன் நடந்துவிடும், சுதாரிக்க நேரம் இருக்காது. அதனால்தான் முன்கைப்பிடிக்கு எதிரே சங்கிலியை நிறுத்தும் பிரேக் வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். தோளுக்கு மேலே மெஷினைத் தூக்கி அறுக்கக்கூடாது, ஒற்றைக் கையால் பிடிக்கக்கூடாது, ஏணியில் நின்று அறுக்கவே கூடாது.

லுங்கியும் தோளில் துண்டும் சங்கிலியில் சிக்கும். ஹெல்மெட், கண்ணுக்கும் காதுக்கும் மறைப்பு, கெட்டியான ஷூ இவை குறைந்தபட்சம். காலுக்கென்று தனி உடை இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் நீள நார்கள் சங்கிலியில் சுற்றி மெஷினையே நிறுத்திவிடும். விலை அதிகம்தான், கூலிக்கு வருபவர்கள் யாரிடமும் இது இருப்பதில்லை. வேலை கொடுப்பவர் வாங்கித் தரலாம் என்ற யோசனையும் யாருக்கும் வருவதில்லை.

நேரம் காலம் பார்க்கணுமா?

பஞ்சாங்கம் வேண்டாம், காற்றைப் பார்த்தால் போதும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நெல்லை, தென்காசிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான் இங்கே காற்றாலைகளே நிற்கின்றன. அந்த மாதங்களில் பெரிய மரத்தைத் தொடாமல் இருப்பதே மேல். மழை நேரம், இருட்டும் நேரம் இரண்டும் வேண்டாம். தனி ஆளாகப் போகவே கூடாது. அடிபட்டால் 108-க்கு போன் பண்ணவாவது ஒருவர் வேண்டும்.

ஏற்கெனவே விழுந்த மரம்தான் அதிக ஆபத்து

புயலில் சாய்ந்து கிடக்கும் மரத்தைப் பார்த்தால் 'விழுந்தாச்சே, இனி என்ன' என்று தோன்றும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் ஊர் ஊராக மெஷினோடு ஆட்கள் இறங்கியபோதும், 2016-ல் வர்தாவுக்குப் பின் சென்னையிலும் மக்கள் பார்த்தது இப்படி விழுந்த மரங்களைத்தான். வளைந்து கிடக்கும் தண்டில் ஒரு பக்கம் அமுங்கியும் மறுபக்கம் இழுபட்டும் இருக்கும். இழுபட்ட பக்கத்தை ஒரே மூச்சில் அறுத்தால் வில்லில் இருந்து விடுபட்டதுபோல் தெறிக்கும். முதலில் அமுங்கிய பக்கத்தில் கொஞ்சம், பிறகுதான் மறுபக்கம்.

வேரோடு பெயர்ந்து நிற்கும் அடிப்பகுதியும் அப்படித்தான். தண்டை அறுத்ததும் பாரம் போய்விடும், வேர்த்தட்டு படாரென்று பழையபடி குழிக்குள் போய் நிமிர்ந்துகொள்ளும். அந்தக் குழியில் பிள்ளைகள் இறங்கி விளையாடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் நிற்க வேண்டும்.

மரம் மின்கம்பியில் சாய்ந்திருந்தால் யாரும் பக்கத்தில்கூடப் போகக்கூடாது. பச்சை மரத்திலும் ஈரத் தரையிலும் மின்சாரம் பாயும். கரண்ட் இல்லை என்று தெரிந்தாலும் போகக்கூடாது, எங்காவது ஒரு வீட்டு ஜெனரேட்டரில் இருந்து கம்பிக்குத் திரும்பி வரலாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. மின்வாரிய ஊழியர் வந்து லைனை நிறுத்திவிட்டதாக நேரில் சொன்ன பிறகுதான் மெஷினைக் கையில் எடுக்கணும்.