நோரித் தாள் நமத்துப்போவது ஏன்?

பொரித்த அப்பளத்தைத் திறந்து வைத்தால் சற்று நேரத்தில் நமத்துப்போகிறது அல்லவா? ஜப்பானிய வீடுகளிலும் இதே தொல்லை உண்டு. ஆனால் அப்பளத்தில் அன்று, கடற்பாசியில்!

'ஒனிகிரி' என்பது ஜப்பானியரின் கட்டுச்சோறு. உப்புச் சோற்றை முக்கோணமாகப் பிடித்து, 'நோரி' என்னும் உலர்ந்த கடற்பாசித் தாளைச் சுற்றி உண்பார்கள். இதை நாமும் செய்யலாம்.

முதலில் அரிசியைக் கவனிப்போம். நம் புழுங்கலரிசிச் சோறு, பிடித்தால் எளிதில் உதிர்ந்துவிடும். ஸ்டார்ச்சில் நேர்ச் சங்கிலியான அமைலோஸ், கிளைவிட்ட அமைலோபெக்டின் என இருவகை மூலக்கூறுகள் உள்ளன. ஜப்பானியக் குட்டையரிசியில் அமைலோஸ் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே அச்சோறு ஒட்டிக்கொள்கிறது. அரிசியைக் களைந்து அரைமணி நேரம் ஊறவையுங்கள். ஒரு கப் அரிசிக்கு ஒன்றேகால் கப் நீர் விட்டு வேகவைத்து, இறக்கிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள்.

கையை நனைத்து, உப்பைத் தடவிக்கொண்டு, சோறு சூடாக இருக்கும்போதே மென்மையாகப் பிடியுங்கள். கையிலுள்ள நீர்ப்படலம் சோறு ஒட்டாமல் தடுக்கும். ஆறிய சோற்றில் ஸ்டார்ச் மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி அடுக்குறுவதால் அது விறைக்கும். குளிர்பதனப் பெட்டியில் இது இன்னும் விரைவாக நிகழும். அதற்காக வெளியே நெடுநேரம் வைத்துவிடாதீர்கள்; கிருமிகள் பெருகும்.

இனி நோரி. தாளைத் தணலுக்குமேல் சில விநாடிகள் காட்டுங்கள். கருமை மாறிப் பச்சையாகும்! சிவப்பு நிறமி வெப்பத்தில் சிதைய, பச்சையம் எஞ்சுகிறது.

சோற்றின் எடையில் பாதிக்குமேல் நீர். நோரியிலோ நீர் மிகக் குறைவு. இரண்டும் தொட்டுக்கொண்டால், ஆவியழுத்தம் மிகுந்த சோற்றிலிருந்து குறைந்த நோரிக்கு நீர் செல்லும். உலர்ந்த நிலையில் கண்ணாடிபோல் ஒடிந்த பாசியின் சங்கிலி மூலக்கூறுகளுக்கிடையே நீர் புகுந்ததும், அவை வழுக்கி நகர்கின்றன. தாள் ரப்பர்போல் இழுபடுகிறது. ஆகவே உண்ணும்போதுதான் சுற்ற வேண்டும். ஜப்பானியக் கடைகளில் சோற்றுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைத்து விற்கிறார்கள். உண்பவர் அதை உருவிவிடுவார்.

இந்தத் தாள் ஒருகாலத்தில் அதிர்ஷ்டம் இருந்தால்தான் கிடைத்தது. கோடையில் நோரிப் பாசி எங்கே மறைகிறது என்பது தெரியாததால், அதை விதைத்து வளர்க்க வழியில்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த கேத்லீன் ட்ரூ பேக்கர், வேல்ஸ் கடற்கரையில் வளரும் அதன் உறவுப் பாசியை ஆராய்ந்து 1949-இல் விடை கண்டார்: ஒரு பருவத்தில் அது சிப்பி ஓடுகளுக்குள் நுண்ணிழைகளாக வாழ்கிறது! இதைக்கொண்டு ஜப்பானிய அறிஞர்கள் ஓடுகளிலேயே வித்துகளை உண்டாக்கினர். மணமானதால் விரிவுரையாளர் பதவியை இழந்து, ஊதியமின்றி ஆய்வு செய்தவர் அந்த அம்மையார். 1957-இல் மறைந்த அவருக்கு, அவர் பார்த்தேயிராத ஜப்பானில், குமாமோட்டோ மாநிலக் கடற்கரையில் 1963-இல் நினைவுச் சின்னம் எழுப்பினர்.

இரண்டு ஒனிகிரி செய்யுங்கள். ஒன்றில் தாளை உடனே சுற்றுங்கள். மற்றதில் அரைமணி கழித்து, உண்ணும்போது சுற்றுங்கள். இரண்டையும் கடித்துப் பாருங்கள். நீர் சென்ற வழியை உங்கள் பற்களே சொல்லிவிடும்!