இருபத்தைந்தில் ஒரு பங்கு

அமெரிக்கப் பிக்கப் வண்டி ஒன்றின் சிற்றுருவை முதன்முதலாகச் செய்தபோது நான் இழைத்த பிழையைச் சொல்கிறேன். அந்நாட்டில், பிளாஸ்டிக் உறுப்புகளை ஒட்டிச் செய்யும் மாதிரிக் கார்களுக்குப் பெரிதும் வழங்கும் அளவு, உண்மை வண்டியில் 25-இல் ஒரு பங்காகும். 5 மீட்டர் நீளமுள்ள வண்டி இவ்வளவில் 20 சென்டிமீட்டர் ஆகிறது. கதவைச் சுற்றியுள்ள 5 மில்லிமீட்டர் இடைவெளியோ 0.2 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. இதனை நான் எண்ணிப் பார்க்கவில்லை. பளபளப்பை விரும்பி, வண்ணத்தைத் தூரிகையால் தடிப்பாகப் பூசினேன். கதவுக் கோடுகள் அனைத்தும் மூடுண்டன. ஒரு மாத உழைப்பு வெறும் பொம்மையாய் நின்றது. வண்டி சிறுத்தது, வண்ணம் சிறுக்கவில்லை.

மறுமுறை, மேற்பரப்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன். வண்ணத்தை நீர்க்கக் கலந்து தெளித்தேன். ஒரு பூச்சு நன்கு உலர்ந்த பின்னரே அடுத்ததைத் தொடங்கினேன். கதவிடுக்குகளில் கரிய சாயத்தை மெல்ல ஓடவிட்டேன். சரக்கு உரசும் பின்தட்டில் மட்டும் சிறிது துருநிறம் தீட்டினேன். அதனைக் கண்ட நண்பர் ஒருவர், திறவாத அக்கதவைத் திறக்க விரல் நீட்டினார்!

ஆகவே, சிற்றுரு செய்ய விழையும் நீங்கள் நீள அகலங்களோடு நின்றுவிடாதீர்கள். பூச்சின் தடிப்பையும் 25-ஆல் வகுத்துப் பாருங்கள்.