துவக்குக்கு ஒரு பரீட்சை

தமிழாசிரியனுக்கும் துவக்குக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவுதல் கூடும். சொல்லளவில் ஒரு தொடர்பு உண்டு. துப்பாக்கி என்னுஞ் சொல் துருக்கி மொழி வழிவந்தது என்பர் அகராதியாளர். நம்மவர் பேச்சில் அது துவக்கு. பொருளளவிலும் ஒரு தொடர்பு உண்டு என்பதை அமெரிக்காவிலே கண்டேன்.

அந்நாட்டின் யூட்டா மாநிலத்திற் குடியுரிமை பெற்று வாழும் என் தமக்கை மகன், புதிதாக ஒரு சிறு துவக்கு வாங்கியிருந்தான். அதன் குழல் வாய் 0.22 அங்குலம். குழலின் கீழுள்ள பிடியைப் பின்னே இழுத்தால் வெற்றுறை வெளியே தெறிக்கும். முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே புகும். கைப்பம்பு இயக்குவது போன்ற இவ்வியக்கத்தால் அதனைப் 'பம்பு' வகை என்கின்றனர். அம்மாநிலத்து ஒக்டன் என்னும் ஊரில் 1855இற் பிறந்த ஜோன் மோசஸ் பிரவுணிங், தம் தம்பி மத்தேயுவுடன் சேர்ந்து வகுத்த இத்தகைய துவக்கொன்றை வின்செஸ்டர் கம்பனியார் 1890இல் வெளியிட்டனர். 1932 வரையில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. களியாட்டு விழாக்களிலே காசு கொடுத்துக் குறிபார்க்குங் கூடங்களில் அது பெரும்புகழ் பெற்றது. மருமகன் வாங்கியது அதன் வழித்தோன்றல்.

"அம்மான், இதைச் சோதிச்சுப் பார்க்கப் போறன், நீங்களும் வாங்கோ" என்றான்.

போனேன், ஆனால் அதைத் தொடவில்லை. விருந்தினர் விசாவில் வந்தோர் துவக்கு ஏந்துவதை அந்நாட்டுச் சட்டம் பொதுவாகத் தடுக்கின்றது. ஆகவே மருமகன் சுடுவதென்றும், யான் கொப்பியிற் குறிப்பெழுதுவதென்றும் ஏற்பாடாயிற்று. எழுத்தும் புள்ளியும் எனக்குப் பழகிய தொழில் அல்லவா!

2009இற் போர் முடியும் வரை, வெடியோசை கேட்டவுடன் பிள்ளைகளை மேசைக்குக் கீழே பதுங்கச் செய்த ஆசிரியருள் யானும் ஒருவன். அத்திடலில் முதல் வெடி கேட்டதும் என் பேனா நின்றுவிட்டது. அங்கு நிலவிய ஒழுங்கே என்னை மெல்லத் தேற்றியது. திடற் பொறுப்பாளராகிய முதியவர் நான்கு விதிகளைச் சூத்திரம் போலக் கூறினார். எத்துவக்கிலும் தோட்டா உண்டென்றே கொள்க. சுடக் கருதாத ஒன்றின்பாற் குழலைத் திருப்பற்க. குறி பொருந்துமுன் விசையில் விரல் வையற்க. குறியையும் அதற்கு அப்பால் உள்ளதையும் அறிந்து சுடுக. சிறுகுண்டுதானே என்று இகழ்தல் ஆகாது. அதன் எடை ஏறக்குறைய 2.6 கிராம், ஆயினும் ஒரு மைலுக்கு அப்பாலும் செல்ல வல்லது. அதனாலேயே குறிகளுக்குப் பின்னே உயர்ந்த மண்மேடு இருந்தது.

மருமகன் குழலைத் துடைத்து, மணல் மூட்டையின்மேல் துவக்கைத் தாங்கவைத்து, 25 யார் தொலைவிலுள்ள தாட்குறியை நோக்கினான். முதற் குண்டு நட்டநடுவே பட்டது. "பார்த்தீங்களோ அம்மான்!" என்று துள்ளினான். முதியவரோ ஒன்றும் பேசாமல் ஐந்து விரல்களைக் காட்டினார். எஞ்சிய நான்கும் நான்கு திசையிற் சிதறின.

பின்பு வேறொரு வகைத் தோட்டாவை இட்டான். 0.22 துவக்குகளில் ஒன்றுக்கு இசைந்த தோட்டா மற்றொன்றுக்கு இசையாதாம். இம்முறை முதற் குண்டு இடப்புறம் விலகி, மேலே பட்டது. மருமகன் முகம் வாடிற்று. ஆனால் அடுத்த நான்கும் அதன் அருகேயே பட்டன. ஐந்தையும் ஒரு நாணயத்தால் மூடிவிடலாம். முதியவர் அத்தாளைத் தொட்டு, "இதுவே நல்ல விடை" என்றார்.

நடுவைத் தொடாதது நல்ல விடையா? ஆம் என்று விளக்கினார். ஐந்தும் ஓரிடத்திற் சேர்ந்து விலகினால், குறைபாடு குறிகாட்டியின் நிலையிலே உள்ளது. பின்புறக் குறிகாட்டியை வலப்புறம் சிறிது நகர்த்திச் சிறிது தாழ்த்தினால் ஐந்தும் நடுவுக்கு வந்துவிடும். சிதறுவதற்கோ அம்மருந்து உதவாது, எப்பக்கம் நகர்த்துவது? அவ்வாறே திருத்தினான். அடுத்த ஐந்தும் கரும்புள்ளியினுள் அமைந்தன.

இறுதியில், பம்பின் வேகத்தைக் காட்ட விரும்பிச் சில நொடிகளில் ஐந்தையும் சுட்டுத் தீர்த்தான். தாளிற் பட்டவை இரண்டே. பிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் குழல் அசைகின்றது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் குறிபார்த்தல் வேண்டும். கருவியின் விரைவு கண்ணின் விரைவு ஆகிவிடாது.

ஆசிரிய நண்பர்களே, நம்மிடம் வரும் பிள்ளைகளை எத்தனை குண்டுகள் கொண்டு நாம் மதிக்கின்றோம்? ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை ஒரே நாளில் முடிந்துவிடுகின்றது. அன்று நடுவைத் தொட்ட பிள்ளைக்கு மாலை; தவறிய பிள்ளைக்குப் பத்து வயதிலேயே தலைகுனிவு. ஒருவன் 'பள்ளி' என்பதை எந்நாளும் 'பல்லி' என்றே எழுதுகின்றான். மற்றொருவன் இன்று 'பள்ளி', நாளை 'பல்லி', மறுநாள் 'பழ்ளி' என எழுதுகின்றான். ஒருநாட் பரீட்சையில் முன்னவன் தவறிப் பின்னவன் தேறலாம். ஆனால் முன்னவன் பிழை ஓரிடத்திலே நிலைத்தது. ளகரத்துக்கு நாவை வளைக்கும் முறையை ஒரு மாலையிற் பழக்கினால் அவன் நேராகிவிடுவான். பின்னவனோ முதலிலிருந்து பொறுமையாகப் பயிற்றத்தக்கவன். இருவருக்கும் ஒரே சிவப்புக் கோடு இட்டு அமைவோமாயின், எவனுக்கும் நாம் ஆசிரியர் ஆகோம்.

ஒரு தாளைக் கொண்டு புள்ளி இடலாம். பிள்ளையை அறிவதற்கு ஐந்து தாள்களையேனும் அருகருகே விரித்து வைத்துப் பார்த்தல் வேண்டும்.