எச்.ஐ.வி. மருந்தின் விலை இறங்கிய கதை

2000ஆம் ஆண்டில் எச்.ஐ.வி. தொற்று உள்ள ஒருவருக்கு ஓராண்டு மருந்துச் செலவு 10,000 டாலருக்கு மேல். மருந்து இருந்தும் வாங்க வழியில்லாமல் ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். இன்று அதைவிட நல்ல மருந்து, வறிய நாடுகளுக்கு ஆண்டுக்கு 45 டாலருக்கும் குறைவாகக் கிடைக்கிறது. எப்படி?

மாத்திரை செய்ய ஆகும் செலவு கொஞ்சம்தான். விலையை ஏற்றுவது காப்புரிமை. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு உரிமையாளர் அனுமதியின்றி வேறு யாரும் அந்த மருந்தைத் தயாரிக்க முடியாது. விற்பவர் சொன்னதே விலை. இந்தியாவின் 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு அந்த உரிமையைத் தரவில்லை, தயாரிப்பு முறைக்கு மட்டுமே தந்தது. அதனால்தான் மும்பையின் சிப்லா நிறுவனம் 2001 பிப்ரவரியில், மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. உலகச் சந்தையே அதிர்ந்தது. அந்த நவம்பரில் தோகாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் நாடுகள், உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் மருந்து தயாரிக்கக் கட்டாய உரிமம் வழங்க அரசுகளுக்கு அதிகாரம் உண்டு என்று உறுதிசெய்தன.

ஆனால் 2005இல் இந்தியாவும் மருந்துக்கே காப்புரிமை தரத் தொடங்கியது. புதிய மருந்துகளுக்குப் பழைய வழி அடைபட்டது. இந்த நிலையில் பிறந்ததுதான் மருந்துக் காப்புரிமைத் தொகுப்பு. வறிய நாடுகளுக்கு மருந்து கிடைக்க நிதி தரும் யுனிட்எய்ட் அமைப்பு 2010இல் ஜெனிவாவில் இதைத் தொடங்கியது.

காப்புரிமை பெற்ற நிறுவனத்திடம் தொகுப்பு பேசி உரிமம் வாங்கும். அதே மருந்தை மலிவாகச் செய்யும் பல ஜெனரிக் நிறுவனங்களுக்கு அதைப் பிரித்துக் கொடுக்கும். அவை குறிப்பிட்ட நாடுகளில் மட்டும் விற்கலாம். போட்டி வந்ததும் விலை இறங்கும். 2014இல் டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துக்கு இப்படி உரிமம் கிடைத்தது.

உரிமம் மட்டும் போதாது. யார் வாங்குவார்கள் என்று தெரியாமல் எந்த நிறுவனமும் பெரிய அளவில் தயாரிக்காது. 2017இல் தென்னாப்பிரிக்க, கென்ய அரசுகளும் கேட்ஸ் அறக்கட்டளை உள்ளிட்ட அமைப்புகளும் கைகோத்தன. விற்பனைக்கு உத்தரவாதம் தரப்பட்டது. டோலுடெக்ராவிர் சேர்ந்த கூட்டு மாத்திரைக்கு ஆண்டுக்குச் சுமார் 75 டாலர் என்று விலை முடிவானது. என் பார்வையில் இந்தப் படிதான் முக்கியமானது. மருந்து எளியவரை எட்டியது நிறுவனங்களின் கருணையால் அல்ல, வாங்குவோர் ஒன்றுகூடியதால்.

ஓட்டை இன்னும் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டே ஊசியில் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் லெனகாபாவிரின் அமெரிக்க விலை ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். 2027 முதல் ஜெனரிக் வடிவத்தை ஆண்டுக்கு 40 டாலருக்குத் தருவதாக இந்திய நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்துள்ளன. ஆனால் இந்த மருந்தை உருவாக்கிய கிலியட் நிறுவனம் 2024இல் அறிவித்த உரிமம் 120 நாடுகளுக்கு மட்டுமே பொருந்தும். பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு ஆகியவை அதில் இல்லை. இந்த ஊசியின் பரிசோதனைக்குத் தங்கள் உடலைத் தந்தவர்களில் அந்த நான்கு நாட்டு மக்களும் உண்டு. அவர்களை விட்டுவிட்டுப் போட்ட பட்டியல் நியாயமற்றது, திருத்தப்பட வேண்டும்.