ஒளிக்கும் பட்டை தீட்டலாம், தெரியுமா?

அம்பிட்டியவில் பஸ் ஏறிக் கண்டி டவுனில் இறங்குங்கள். நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாணிக்கம், நீலக்கல், வைடூரியம், கோமேதகம் எல்லாம் மினுங்கும். மோதிரத்துக்கும் பதக்கத்துக்கும் மட்டுமா இவை? இல்லை! பேர்பெற்ற திண்ம லேசர்கள் பல பிறந்தது இந்தக் கற்களின் குலத்தில்தான்! அதைவிட வியப்பு இன்னொன்று: கல்லைப் பட்டை தீட்டுவதுபோல, அதிலிருந்து பாயும் ஒளியையும் பட்டை தீட்டுகிறார்கள்!

முதல் லேசரே மாணிக்கம்தான், தெரியுமா?

1960 மே 16. கலிபோர்னியாவின் மலிபுவில் தியோடர் மைமன், செயற்கை மாணிக்கக் கம்பி ஒன்றைச் சுற்றிப் பிளாஷ் விளக்குச் சுருளை மாட்டிப் பளிச்சிட வைத்தார். பாய்ந்தது செவ்வொளி! மாணிக்கம் என்பது அலுமினியம் ஒட்சைட்டு. அதில் குரோமியம் துளியளவுதான். லேசர் ஒளியைத் தந்தது அந்தத் துளியேதான்!

கெவுடாவுக்கு ஒரு லேசர்ச் சொந்தம் உண்டு, தெரியுமா?

பால்போல் மங்கிய கெவுடாக் கல்லை ஒருகாலத்தில் இலங்கையில் சீந்துவாரில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை அள்ளிக்கொண்டுபோய் 1,500 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேற்றினார்கள். மங்கல் போய் நீலம் எழுந்தது! உள்ளே ஊசி ஊசியாகக் கிடந்த டைட்டானியம் கரைந்து இரும்போடு கூடியதால் வந்த நீலம் அது. இரும்பை விலக்கி, டைட்டானியத்தை மட்டும் ஊட்டி அதே வகைப் படிகம் வளர்த்தாலோ இளஞ்சிவப்பு! 1982இல் பீட்டர் மோல்ட்டன் அந்தப் படிகத்திலிருந்து லேசர் எடுத்தார். இன்று அதன் துடிப்பை 5 பெம்டோசெக்கன் வரை சுருக்குகிறார்கள். அதற்குள் ஒளியே ஒன்றரை மைக்ரோமீற்றர்தான் நகரும்!

வைடூரியத்தின் உடன்பிறப்பு பச்சை குத்தியதை அழிக்கும், தெரியுமா?

பகலில் பச்சையாகவும் குண்டு பல்பின் கீழ் சிவப்பாகவும் தெரியும் அலெக்சாண்ட்ரைட்டும் வைடூரியமும் ஒரே கனிமம். அலெக்சாண்ட்ரைட் லேசரின் 755 நானோமீற்றர் ஒளி, வேண்டாத முடியையும் பச்சை குத்திய மையையும் நீக்குகிறது. கோமேதகக் குலத்து யாக் படிகமோ மனிதன் ஆக்கியது. 1964இல் பெல் ஆய்வுகூடத்தில் லேசரானது. கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் மங்கும் சவ்வைக் கத்தியின்றித் திறப்பது அதுதான்!

பிறந்த ஒளி அப்படியே உதவாது, தெரியுமா?

சீரான லேசர்க் கற்றையிலும் ஒளி எங்கும் ஒரே அளவாக விழாது. நடுப்புள்ளியின் செறிவு, மொத்த வலுவைக் கற்றையின் பரப்பால் வகுத்தால் வரும் சராசரியைப்போல் 2 மடங்கு! ஓரத்துக்குப் போகப் போகத் தேயும். தோலில் அப்படியே பாய்ச்சினால் நடுவில் வேகும், ஓரத்தில் மை அசையாது. இங்கேதான் பட்டை தீட்டும் வேலை! இரண்டு வளைவு வில்லைகள் போதும் என்று 1965இலேயே பிரீடன் கணக்குப் போட்டுக் காட்டினார். நடுவில் நெருக்கியடிக்கும் கதிர்களை முதல் வில்லை வெளியே தள்ளும். இரண்டாவது எல்லாவற்றையும் மறுபடி சமாந்தரமாக்கும். ஒளி வீணாவதில்லை, கற்றையின் தலை தட்டையாகிவிடும்!

லேசர்க் கம்பி தானே வில்லையாகிவிடும், தெரியுமா?

கம்பியின் நடு சூடாகும், புறம் குளிர்ந்திருக்கும். அந்த வேறுபாடே ஒளியை வளைத்துக் கற்றையைக் குலைக்கும்! 1990களில் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட்டில் அடோல்ப் கீசன் குழுவினர் கம்பியையே கைவிட்டார்கள். மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு, இரு பங்கு தடிப்பே உள்ள தட்டை எடுத்து, முதுகுப்பக்கத்தால் குளிரவைத்தார்கள். சூடு ஒளி போகும் திசையிலேயே வெளியேற, தொல்லை பெருமளவு தீர்ந்தது!

குறுக வேண்டுமானால் முதலில் விரிக்க வேண்டும், தெரியுமா?

மெல்லிய கற்றைதான் தொலைவில் அதிகம் பரவும்! அப்பலோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவந்த பிரதிபலிப்பானுக்கு மாணிக்க லேசரை அனுப்ப, லிக் வான்நோக்கக விஞ்ஞானிகள் ஒளியை 3 மீற்றர் தொலைநோக்கி வழியே அகலமாக்கிப் பாய்ச்சினார்கள். 1969 ஆகஸ்ட் 1ஆம் திகதி நிலவிலிருந்து மறுமொழி திரும்பி வந்தது!

மறித்தாலும் மீளும் கற்றை உண்டு, தெரியுமா?

கூம்பு வடிவ வில்லையால் ஆக்கும் பெசல் கற்றையின் குறுக்கே சிறு தடை வைத்தால், கொஞ்ச தூரத்தில் பழைய உருவைத் தானே மீட்டுக்கொள்ளும்! ஊசிபோல் நீளும் அந்தக் கற்றை, கண்ணாடித் தகட்டின் தடிப்பு முழுவதையும் ஒரே துடிப்பில் துளைக்கும்.

கல்லின் பிறப்பூரையும் லேசர் சொல்லும், தெரியுமா?

இலங்கை நீலக்கல்லும் மடகஸ்கார் நீலக்கல்லும் பார்வைக்கு அவ்வளவு ஒத்தவை. அதனால் இரத்தினக்கல் ஆய்வுகூடங்கள், கல்லின் ஓரத்தில் மயிரிழைத் தடிப்பளவே குழி பறித்து, எழும் துகளில் மக்னீசியம், இரும்பு, கல்லியம் எவ்வளவு என்று அளக்கின்றன. குழியின் அடி சமமாக இருந்தால்தான் அளவு நம்பகம். அதற்காகவே யாக் படிகத்தின் 1,064 நானோமீற்றர் ஒளியை ஐந்திலொன்றாக, 213 நானோமீற்றருக்கு இறக்கி, தலையைத் தட்டையாக்கிப் பாய்ச்சும் கருவிகள் வந்திருக்கின்றன. பட்டை தீட்டிய கல் எந்த மண்ணில் பிறந்தது என்று துப்புக் கொடுப்பது, பட்டை தீட்டிய ஒளி!